உறுப்பினர் அல்லாதவர்

உக்காந்துட்டாங்க எல்லாரும். நாற்காலி கிறீச்சுங்குது, யாரோ இருமுறாங்க, முன்வரிசையில ஒருத்தரு அதுக்குள்ள செல்போனை நோண்ட ஆரம்பிச்சாச்சு. இரங்கல் தீர்மானம் முடிஞ்சு போச்சு. நான் மட்டும் மரம் மாதிரி நிக்கிறேன். பக்கத்துச் சீட்டு ஜன்னத் என் முந்தியைப் பிடிச்சு இழுக்குறா, உக்காருக்கா, எல்லாரும் பாக்குறாங்கன்னு. உக்காந்துட்டேன். உங்க பேரு வரலைங்க. ரெண்டு பேரைத்தான் வாசிச்சாங்க. எந்தக் காலத்துலயோ இந்த நகராட்சிக்குச் சேர்மனா இருந்துட்டு, மகன் வீட்டோட பெங்களூருக்குப் போயி அங்கயே செத்துப்போன ஒரு பெரியவரு. அப்புறம் முன்னாள் உறுப்பினர் ஒரு அம்மா, அந்தம்மா மூஞ்சி இந்த ஹால்ல ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. அவங்களுக்கு நின்னாங்க. கமிஷனர் நின்னாரு, சேர்மன் நின்னாரு, எதிர்க்கட்சி ஆளுகளும் குனிஞ்ச தலை நிமிராம நின்னாங்க. அடுத்து உங்க பேருதான்னு நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன், கிளார்க்கு பேப்பரை மடக்கிட்டாரு. போன வாரம் சேர்மன் வீட்டுக்கே நடந்து போயிக் கேட்டேனே. அண்ணே, பட்ஜெட் கூட்டத்துல எங்க வீட்டுக்காரருக்கும் சேத்து ரெண்டு நிமிசம் எந்திரிச்சு நிக்கச் சொல்லுங்க, வேற ஒண்ணும் வேண்டாம்னேன். பாக்கலாம்மான்னாரு. தனுஷ்கோடி அண்ணன் பாக்கலாம்னு சொன்னா இல்லைன்னு அர்த்தம்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. தெரிஞ்சும் நம்பி வந்தேன் பாருங்க, நான் ஒரு கூறுகெட்டவ. உறுப்பினரா இருந்து செத்தாத்தான் மன்றம் எந்திரிக்குமாம். நீங்க உறுப்பினர் இல்லையாம். உறுப்பினர் நானாம். இந்தக் கூத்தை நான் யாருகிட்டப் போயிச் சொல்ல.

கமிஷனர் பட்ஜெட் வாசிக்க ஆரம்பிச்சுட்டாரு. வருவாய் நிதி, குடிநீர் நிதி, கல்வி நிதி. நல்ல குரலு, தாலாட்டு மாதிரி, கேக்கக் கேக்கக் கண்ணு சொருகும். பார்வையாளர் வரிசைப் பக்கம் திரும்பக் கூடாதுன்னு வீட்டுல இருந்து சத்தியம் பண்ணிட்டு வந்தேன், கழுத்து கேக்கணுமே. எல்லாரு வீட்டுக்காரரும் அங்கதான் உக்காந்திருக்காங்க. ஜன்னத் வீட்டுக்காரரு பாஷா அண்ணன் தாடியைத் தடவிக்கிட்டு இருக்காரு. தூண் ஓரமா உங்க நாற்காலியில யாரோ பையை வச்சிருக்கான், தோள்பை, ஜிப்பு பாதி திறந்து கெடக்கு. எந்திரிச்சுப் போயி அதைத் தூக்கித் தரையில வைக்கலாமான்னு இருக்கு. அங்க இருந்துதானே என்னை ஆட்டி வச்சீங்க. துண்டெடுத்து மூஞ்சியைத் தொடச்சா கை தூக்கணும். கையைக் கட்டிக்கிட்டா சும்மா இருக்கணும். எனக்கென்ன பட்ஜெட்டு தெரியும், பத்தாங்கிளாசோட தையல் மிசின்ல உக்காந்தவ. பெண்கள் வார்டுன்னு அறிவிச்ச அன்னைக்கு ராத்திரி சோறு இறங்காம உக்காந்திருந்தீங்க, இருபது வருசமா போஸ்டர் ஒட்டி, கொடி கட்டி, கடைசியில வார்டு பொம்பளைக்குப் போயிருச்சேன்னு. மறுநாள் காலையில என்னைப் பாத்துச் சிரிச்சீங்க பாருங்க, அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கலை. போஸ்டர்ல உங்க படம் ஆள் உசரம், என் படம் ஸ்டாம்பு. நானும் கேக்கலை. மொதக் கூட்டத்துல சேர்மன் இருபத்தி ரெண்டாவது வார்டு உறுப்பினர்னு கூப்பிட்டதும் இங்க நானும் எந்திரிச்சேன், அங்க நீங்களும் எந்திரிச்சுட்டீங்க, வணக்கம் வேற வச்சீங்க. ஹாலே சிரிச்சுச்சு. நீங்க நாக்கைக் கடிச்சுக்கிட்டு உக்காந்தீங்க. அன்னைக்கு எனக்கு அவமானமா இருந்துச்சு. இன்னைக்கு அதே மாதிரி இன்னொரு தடவை எந்திரிக்க மாட்டீங்களான்னு இருக்கு.

கரண்டு போன கூட்டம் இருக்கே, அதைச் சொல்லாம விட முடியாது. சித்திரை மாசம், ஜெனரேட்டர் ரிப்பேரு, ஜன்னலைத் திறந்தா அனல். தெருநாய்க்குக் கருத்தடை பண்றதுக்கு ஒரு தீர்மானம். ஆதரிப்பவர்கள்னு கேட்டு, நான் தூக்கி, இறக்கியாச்சு. எதிர்ப்பவர்கள்னு சேர்மன் கேக்குற நேரம் பாத்து நீங்க வேர்வை தாங்காம துண்டை எடுத்து மூஞ்சியைத் தொடச்சீங்க. நான் டக்குனு கையைத் தூக்கிட்டேன். ஒத்தக் கை. ஆளுங்கட்சி உறுப்பினர் நாய்க்காக எதிர்த்து ஓட்டுன்னு எதிர்க்கட்சி பெஞ்சைத் தட்டுது, சேர்மன் முழிக்கிறாரு, நீங்க அங்க இருந்து ரெண்டு கையையும் கட்டி, அவுத்து, மறுபடியும் கட்டி, என்னென்னமோ பண்ணீங்க. எனக்கு என்ன புரியும், நான் ரெண்டாவது கையையும் தூக்கிட்டேன். வீட்டுக்கு வர்ற வழி முச்சூடும் வண்டியில பேசவே இல்லை. நானும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். பாலத்துல ஏறும்போது உங்க முதுகு குலுங்குச்சு, அழுகுறீங்களோன்னு பயந்து போயிட்டேன், பாத்தா சிரிப்பு. ரெண்டு கையையுமாடி தூக்குவன்னு சிரிச்சுச் சிரிச்சு வண்டியை ஓரமா நிறுத்திட்டீங்க. அந்த இடத்தைத் தாண்டித்தான் இன்னைக்கு ஷேர் ஆட்டோவுல வந்தேன். கண்ணை மூடிக்கிட்டேன்.

குடிநீர் நிதிக்கு வந்துட்டாரு. கம்மாக்கரைத் தெரு. நம்ம வார்டுலயே அந்த ஒரு தெருவுக்குத்தான் குழாய் இல்லை, மேடு, தண்ணி ஏறாதுன்னு சொல்லிச் சொல்லியே மூணு சேர்மன் காலம் போச்சு. லாரி வந்தாத் தண்ணி, வராட்டி நாதியில்லை. வாராவாரம் இஞ்சினியரு ரூம் வாசல்ல போயி நின்னீங்க, அந்த ஆளு பின்வாசல் வழியா போயிருவாரு, நீங்க அடுத்த வாரம் பின்வாசல்ல போயி நின்னீங்க. நீங்க கண்ணை மூடுன அன்னைக்கும் விடியக்காலம் லாரி வந்துச்சுன்னுதானே சட்டையை மாட்டிக்கிட்டு ஓடுனீங்க. குடத்துக்குக் குடம் சண்டை, யார் முந்தின்னு. நீங்க நடுவுல நின்னு ஓஸ் குழாயைப் பிடிச்சு ஆளுக்கு ரெண்டு குடம்னு ஊத்திக் குடுத்தீங்களாம். சட்டையெல்லாம் நனைஞ்சு வந்தீங்க. காப்பியை வச்சேன். தொட்டுக்கூடப் பாக்கலை. கொஞ்சம் படுக்கேன் சீனின்னு என்னைக் கூப்பிட்டுச் சொன்னீங்க. பகல்ல படுக்குற ஆளா நீங்க? அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஈரச் சட்டையோட படுக்காதீங்க, மெத்தை நனையுதுன்னு சத்தம் போட்டேன். அதுதாங்க நான் உங்ககிட்டப் பேசின கடைசிப் பேச்சு. மெத்தை நனையுது. வேற வார்த்தையே கெடைக்கலையா எனக்கு, முப்பது வருசம் கூட வாழ்ந்தவளுக்கு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில உங்க கை என் மடியில கெடந்துச்சு, சில்லுன்னு, தண்ணி ஊத்துன கை, விரலெல்லாம் ஊறிச் சுருங்கிப் போயி. நான் அதையே தேச்சுக்கிட்டு இருந்தேன், சுருக்கம் போயிட்டா எந்திரிச்சுருவீங்கங்குற மாதிரி.

ஜன்னத் தண்ணி பாட்டிலை நீட்டுறா. வேண்டாங்குறேன். மிக்சரும் ஸ்வீட்டும் வச்ச டப்பா மேசைக்கு மேசை வந்துருச்சு, பட்ஜெட் கூட்டம்னா இந்த டப்பாவும் ஒரு பையும் உண்டு. பையை நான் எடுத்துக்கிட்டு டப்பாவை உங்ககிட்டக் குடுப்பேன், நீங்க படியிறங்குறதுக்குள்ள முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்னுருவீங்க. இப்ப இதை யாருக்குக் கொண்டு போக. வீட்டுக்குப் போனா கதவைத் திறக்கணுமேன்னு இருக்கு. சாவி போட்டுத் திறக்குற வீடா அது? காலையில அஞ்சரைக்கே வாசல்ல ஆளு நிக்கும், கவுன்சிலரே, கவுன்சிலரேன்னு. நான் கதவைத் திறந்தா, ஆத்தா கவுன்சிலர் இல்லையான்னு கேப்பாங்க என்கிட்டயே. எனக்கு எரிச்சலா வரும். நாந்தாம்யா கவுன்சிலரு, ஓட்டு எனக்குத்தானே போட்டீங்கன்னு ஒரு நாள் கத்திட்டேன். நீங்க உள்ள பல்லு விளக்கிக்கிட்டே சிரிச்சீங்க. இப்ப யாரும் வர்றதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாளே வாசல் காலியாயிருச்சு. தெருவிளக்கு எரியலைன்னு பக்கத்து வார்டு கவுன்சிலர்கிட்டப் போறாங்களாம். நான் சாகலையே, நான் இங்கதானே இருக்கேன், ஆனா கவுன்சிலர் செத்துட்டாருன்னு ஊருக்குத் தெரிஞ்சிருக்கு, இந்த மன்றத்துக்குத்தான் தெரியலை. அதைவிடப் பெரிய பயம் ஒண்ணு இருக்குங்க. உங்க குரலு போய்க்கிட்டே இருக்கு. முந்தா நாள் அடுப்படியில நின்னு, சீனின்னு நீங்க கூப்பிடுறதை மனசுக்குள்ள கேட்டுப் பாத்தேன். சீனிங்குற வார்த்தை வருது, குரலு வரலை. என் குரல்லயே வருது. அப்படியே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்.

என்னமோ சொன்னாரே இப்ப. இருபத்தி ரெண்டாவது வார்டுன்னாரு. ஜன்னத் என் தொடையைக் கிள்ளுறா. கம்மாக்கரைத் தெருவுக்குத் தனி மேல்நிலைத் தொட்டி, வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பு, நடப்பு நிதியாண்டிலேயே பணி தொடங்கப்படும். ஒரே வரிதான், அதுக்குள்ள அடுத்த வரிக்குப் போயிட்டாரு கமிஷனர், உரக்கிடங்கு, பேட்டரி வண்டி. ஏங்க, வந்துருச்சுங்க. கேட்டீங்களா? தண்ணி வந்துருச்சு. சேர்மன் மைக்கைப் பிடிச்சு, இது நம்ம சகோதரி சீனியம்மாளோட விடாமுயற்சி, அவங்களுக்கு ஒரு கைதட்டல்னு சொல்றாரு. எல்லாரும் மேசையைத் தட்டுறாங்க. எனக்கு. என் விடாமுயற்சிக்கு. நான் என்னத்த முயற்சி பண்ணேன், வீட்டுல உக்காந்து ஜாக்கெட் தச்சேன். இஞ்சினியரு ரூம் வாசல்ல நின்னது யாரு? மேடு எம்புட்டு, பள்ளம் எம்புட்டுன்னு கொத்தனாரைக் கூட்டிக்கிட்டுப் போயி டியூப் பிடிச்சு மட்டம் பாத்தது யாரு? ஓஸைப் பிடிச்சுட்டு வந்து செத்தது யாரு? இந்தத் தட்டுற சத்தம் என் மண்டைக்குள்ள போயி இடிக்குது. நன்றி சொல்லிட்டு உக்காருக்கான்னு ஜன்னத் காதுல சொல்றா. அப்பத்தான் தெரியுது நான் எந்திரிச்சு நிக்கிறேன்னு. மைக்குல சிவப்பு வெளிச்சம் எரியுது. அமுக்குனது யாரு, நானா?

இம்புட்டு வருசத்துல இந்த மைக்குல ஆதரிக்கிறேன்னு ஒரு வார்த்தையைத் தவிர வேற சொன்னதில்லை. தலைவர் அவர்களே, இது நான் பண்ணது இல்லைன்னேன். என் குரலு சுவத்துல பட்டு எனக்கே திரும்பி வருது. இது பூராவும் எங்க வீட்டுக்காரரு பண்ணதுன்னேன். யாருன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா பேரைச் சொல்லணும், பேரைச் சொன்னாத்தானே எழுதுவாங்க. இந்த நாக்குல உங்க பேரு ஏறுனதே இல்லைங்க. ரேஷன் கடையில கேட்டா பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்லச் சொல்வேன். ஆஸ்பத்திரியில சீட்டுப் போடுறவன் கேட்டப்பக்கூட, உங்க சட்டைப் பையில இருந்த அடையாள அட்டையை எடுத்துக் காட்டுனேனே தவிர வாயைத் திறக்கலை. இப்ப சொன்னேன். "வெயிலுமுத்து," அப்படின்னு. மைக்குல. ஊருக்கே கேக்குற மாதிரி. "அவருக்காக இந்த மன்றம் ரெண்டு நிமிசம் எந்திரிச்சு நிக்கணும். நான் கேக்குறது அவ்வளவுதான்."

சேர்மன் கமிஷனரைப் பாக்குறாரு, கமிஷனரு மேசையைப் பாக்குறாரு. எதிர் வரிசையில இருந்து வக்கீல் ஞானதுரை எந்திரிச்சாரு. அந்த ஆளு ஒண்ணும் கெட்டவரு இல்லை, உங்களுக்கு மாலையோட வந்தவரு, சுடுகாடு வரைக்கும் நடந்து வந்து திரும்பினவரு. ஆனா கட்சின்னு ஒண்ணு இருக்குல்ல. ரொம்ப மரியாதையாத்தான் கேட்டாரு.

"வார்டு வேலை பூராவும் அவர்தான் பாத்தாருன்னு அம்மாவே மன்றத்துல சொல்றாங்க. அப்ப இத்தனை வருசமா உறுப்பினர் யாரு? இதைப் பதிவு பண்ணணும் தலைவரே."

அவரு பக்கம் பெஞ்சு தட்டுறாங்க. எனக்கு ஒரு நிமிசம் விளங்கலை. அப்புறம் மெல்ல மெல்ல விளங்குச்சு. நீங்க செஞ்சது எதையெல்லாம் நான் பெருமைன்னு சொல்றேனோ, அது எல்லாம் செய்யக் கூடாதது. கூட்டத்துல சைகை காட்டக் கூடாது, அதிகாரிகிட்டப் போயி நிக்கக் கூடாது, கவுன்சிலர்னு யாரு கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கக் கூடாது. ஊரு பூராவும் எல்லா வார்டுலயும் வீட்டுக்காரருகதான் பாக்குறாங்க, பாஷா அண்ணன் அந்தா தாடியை விட்டுட்டுத் தரையைப் பாக்குறாரு. ஆனா வாயால சொல்லக் கூடாது. சொன்னா என் பதவி போகும். பதவி போனாலும் போகட்டும் சனியன். ஆனா அதோட விடமாட்டாங்களே. இந்த வார்டுல இருந்து வந்த கோரிக்கை எதுவும் செல்லாதும்பாங்க, கோர்ட்டும்பாங்க, தடைம்பாங்க, கம்மாக்கரைத் தொட்டி இன்னொரு மூணு சேர்மன் காலத்துக்கு நிக்கும். சேர்மன் மைக்கை அணைச்சுட்டு என் பக்கம் குனிஞ்சு சொன்னாரு, உனக்காகத்தாம்மா சொல்றேன், இல்லைன்னு சொல்லிட்டு உக்காந்துருன்னு. அண்ணன் முகத்துல கோவமே இல்லை. ஏங்க, நான் என்ன செய்ய? சொல்லுங்களேன். உங்களுக்குப் பேரு வேணுமா, அந்த மேட்டுத் தெருவுக்குத் தண்ணி வேணுமா? ஈரச் சட்டையோட வந்து படுத்த மனுசன்கிட்ட இதைப் போயிக் கேக்குறேன் பாருங்க.

எல்லா வேலையையும் நாந்தான் பாத்தேன்னு சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு சொல்லிட்டேன். துக்கத்துல என்னமோ பேசிட்டேன், மன்றம் மன்னிக்கணும்னேன். சேர்மன் மைக்கைப் போட்டு, "உறுப்பினர் முன்னால பேசியது அவைக்குறிப்புல ஏற வேண்டாம்," அப்படின்னாரு. கிளார்க்கு பேனாவை வச்சு ஒரு கோடு இழுத்தாரு. எனக்கு இங்க இருந்தே தெரிஞ்சுச்சு, கை ஒரு பக்கமா நீளமாப் போறது. ஞானதுரை உக்காந்துட்டாரு. ஜன்னத் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. பட்ஜெட்டு ஓட்டுக்கு வந்துச்சு. ஆதரிப்பவர்கள்னாரு. நான் தூக்கினேன், யாரையும் பாக்காம நானாவே தூக்கினேன். ஒத்தக் கைதான். நிறைவேறிருச்சு. எல்லாரும் மேசையைத் தட்டுறாங்க, டப்பாவைப் பையில போடுறாங்க, போட்டோக்காரரு முன்னால வர்றாரு.

நாட்டுப்பண்ணுங்குறாங்க. எல்லாரும் எந்திரிக்கிறாங்க. நானும் மேசையைப் பிடிச்சு எந்திரிச்சுட்டேன். ஸ்பீக்கர் கர்ருங்குது, பாட்டு வரலை. கிளார்க்கு ஒயரைப் புடுங்கிப் புடுங்கிச் சொருகுறாரு, வேர்த்துக் கொட்டுது அவருக்கு, வரலை. இந்தா வந்துரும்னு யாரும் உக்காரலை. யாரும் பேசலை. சேர்மன் ரெண்டு கையையும் தொடையோட ஒட்டிக்கிட்டு நிக்கிறாரு. கமிஷனரு நிக்கிறாரு. பின்வாசல் வழியா ஓடுன இஞ்சினியரு செவுத்தோரமா வெறைப்பா நிக்கிறாரு. ஞானதுரை தலையைக் குனிஞ்சு நிக்கிறாரு. அங்க பார்வையாளர் வரிசையில எல்லா வீட்டுக்காரரும் எந்திரிச்சு நிக்கிறாங்க. ஹால் பூராவும் சத்தமே இல்லை. எங்கயோ ஒரு மோட்டார் ஓடுறது கேக்குது. ஏங்க, பாத்தீங்களா. எல்லாரும் நிக்கிறாங்கங்க. வெயிலுமுத்து. வாய்க்குள்ளதான் சொல்றேன், யாருக்கும் கேக்காது, யாரும் எழுத மாட்டாங்க. வெயிலுமுத்து. கிளார்க்கு ஸ்பீக்கர் பின்னாடி குனிஞ்சு இன்னொரு ஒயரை எடுக்குறாரு. வேண்டாம்ப்பா. நல்லா இருப்ப, இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே விடு.